இப்ராஹிம் காக்காவின் குரல் இருந்த போன்

முகம்மது இப்ராஹிம் காக்காவைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறவர்கள் அவருடைய சத்தத்தில்தான் ஆரம்பிப்பார்கள். எங்கள் காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்போம், அக்காவை லாத்தா என்போம். எங்கள் தெருவில் மட்டும் மூன்று இப்ராஹிம்கள். ஒருவர் நெட்டை, ஒருவர் வாத்தியார், இவர் சத்தம். 'சத்தக்காரர் வீடு எது' என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். வீடு என்னவோ அவர் மனைவி அக்தர் பானு லாத்தாவுடையது. எங்கள் ஊரில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருப்பார். ஆனாலும் வீட்டுக்குப் பெயர் இவர் தொண்டையால் வந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருடம் திருச்செந்தூர் – திருநெல்வேலி தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, "ஆறுமுகநேரி, குரும்பூர், தென்திருப்பேரை, ஆழ்வார்திருநகரி" என்று அவர் கூப்பிட்டால், தூத்துக்குடி பஸ்ஸுக்கு நிற்கிறவனும் ஒரு நிமிடம் யோசிப்பானாம். பிறகு விசா கிடைத்து சவூதியில் தம்மாமுக்குப் போனார். அங்கே பகாலா என்று சொல்வார்கள், பலசரக்குக் கடை. ஒரே பகாலாவில் இருபத்தாறு வருடம். மூத்த மகள் ஷம்ஸியா பிறந்தபோதும் அவர் அங்கேதான், அவளுக்குக் கல்யாணம் நடந்தபோதும் அங்கேதான். கல்யாண வீடியோவில் தேடினால் இவர் இருக்க மாட்டார்.

நான் யஹ்யா. இப்போது கூலக்கடை பஜாரில் போன் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறேன். அப்போது தம்மாமில் ஒரு போன் கடையில் வேலை பார்த்தேன். காக்காவும் நானும் ஏழு வருடம் ஒரே அறை. ஆறு பேர் படுக்கிற அறை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து சாப்பிட்டதும் எல்லோரும் சாய்வோம். இவர் அந்த நேரம் பார்த்துத்தான் லாத்தாவுக்குப் போன் போடுவார். போனை அவர் நம்பவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளுக்குத் தன் தொண்டைதான் எட்ட வேண்டும் என்கிற மாதிரி கத்துவார். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "காக்கா, போன் எதுக்கு? சன்னலைத் திறந்து பேசுங்களேன், இன்னும் நல்லாக் கேக்கும்" என்றேன். செருப்பை எடுத்து எறிந்தார். குறி தப்பவில்லை.

அப்படி என்ன பேசுவார்கள் என்றால், சண்டைதான். ஊருக்குப் போகிற யாரிடமாவது சாமான் கொடுத்தனுப்பியிருப்பார். மேலே இருக்கிற டப்பா மாமிக்கு, கீழே இருக்கிறது ஷம்ஸியாவுக்கு, பச்சைத் துணியை யாருக்கும் கொடுக்காதே என்று இங்கிருந்து கட்டளை போகும். லாத்தா அப்படியே செய்வார். அடுத்த வெள்ளிக்கிழமை, "நான் எப்போடீ அப்படிச் சொன்னேன்?" என்று இவர் ஆரம்பிப்பார். நாங்கள் ஐந்து பேர் சாட்சி, இவர் சொன்னார் என்று. அந்த வழக்கில் எங்களை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை.

2017இல் விடுமுறைக்குக் கிளம்பும்போது லாத்தாவுக்கென்று ஒரு பழைய ஐபோன் வாங்கினார். அதை என்னிடம் கொடுத்து, "லே, உன் கைவேலையக் காட்டு" என்றார். கைவேலை என்றால் பூட்டை உடைப்பது. அந்தப் போனைச் செய்த கம்பெனி, இதைத்தான் போடலாம், இதைப் போடக் கூடாது என்று ஒரு பூட்டுப் போட்டிருக்கும். அதை உடைத்தால் திரையில் பழுப்பு நிறத்தில் சிடியா என்று ஒரு புதுப் படம் வந்து உட்காரும். அதுதான் சந்தை. உலகத்தில் எந்த மூலையிலோ யார் யாரோ எழுதி வைத்த சின்னச் சின்ன வேலைப்பாடுகள் அங்கே கிடைக்கும். எங்கே இருக்கிறது என்று முகவரி கொடுத்துவிட்டால் அதுவே தேடி எடுத்து, துணைக்கு என்னென்ன வேண்டுமோ அதையும் சேர்த்துக் கொண்டு வந்து போனில் பொருத்திவிடும். போன் ஒரு தடவை கண்ணை மூடித் திறக்கும். அவ்வளவுதான். தம்மாமில் எனக்கு இதில் கொஞ்சம் பேர் உண்டு. அந்தக் கிறுக்கு பிடித்த வயது.

லாத்தாவின் போனை நான் இழைத்து இழைத்துச் செய்தேன். எழுத்தெல்லாம் பெரிது. பூட்டின திரையிலேயே ஐந்து வேளை தொழுகை நேரம். திறக்கிற இடத்தில் இங்கிலீஷில் இருந்ததை எடுத்துவிட்டு 'பிஸ்மி சொல்லித் திற' என்று தமிழில் வைத்தேன். இப்ராஹிம் காக்கா அதை அறையில் எல்லோருக்கும் காட்டினார். பக்கத்து அறைக்கும் எடுத்துப் போனார்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை லாத்தாவே என்னைப் போனில் கூப்பிட்டார். "தம்பி யஹ்யா, இவுஹ பேசுததைப் பிடிச்சு வைக்க அதுல ஏதாவது உண்டா? இந்த வாரம் ஒண்ணு சொல்லுதாஹ, அடுத்த வாரம் சொல்லவே இல்லைங்குதாஹ. எனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும் போல இருக்கு."

பேச்சைப் பதிவு செய்கிற வேலைப்பாடு சந்தையில் இருந்தது. பூட்டு உடைக்காத ஐபோனில் அன்றைக்கு அது கிடையாது. காக்காவிடம் கேட்டேன், ஒளித்துச் செய்யக் கூடாதல்லவா. அவர் சிரித்தார். "போட்டுக் குடுலே. யாரு பொய் சொல்லுதான்னு அதுவே சொல்லட்டும்." லாத்தாவுக்கு ஒவ்வொரு பட்டனாகச் சொல்லிக் கொடுத்து அங்கிருந்தே போட வைத்தேன். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை வழக்குக்கு ஆதாரம் வந்துவிட்டது. "இருங்க, போடுதேன், கேளுங்க" என்று லாத்தா வேறொரு போனில் இவரைப் பிடித்து, இந்தப் போனில் போனவாரப் பேச்சை ஓட்டிக் காட்டுவார். இவர் தன் குரலைத் தானே கேட்டுவிட்டு, "அது நான் வேற அர்த்தத்துல சொன்னது" என்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் என் தலையெழுத்து இருக்கிறது. காக்காவின் சொந்தப் போனையும் நான் இதே மாதிரி உடைத்திருந்தேன். அது இரண்டு தடவை செத்துப் போயிற்று. இரண்டு தடவையும் நான் முதலில் இருந்து செய்து, சந்தையைத் திறந்து, போட்டிருந்ததையெல்லாம் மறுபடி இறக்கினேன். அதே எழுத்து, அதே படம், அதே தொழுகை நேரம். "எல்லாம் திரும்பி வந்துட்டே லே!" என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். நான் பெரிய ஆள் மாதிரி, "சந்தை அங்கன இருக்கிற வரைக்கும் எது போனாலும் திரும்பி வரும் காக்கா" என்றேன். போனில் அவருடைய சொந்தச் சரக்கு என்று எதுவும் இருந்ததில்லை, படம்கூட எடுக்க மாட்டார். அதனால் அன்றைக்கு அந்தப் பேச்சு பொய்யாகவில்லை. வாயை மூடிக்கொண்டு வேலையை மட்டும் பார்த்திருக்கலாம்.

2022இல் அவர் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். வரும்போதே தொண்டை கரகரப்பு. ஏசி காற்று என்றார், தூசி என்றார். இரண்டு வருடம் கஷாயமும் தேனுமாகப் போயிற்று. சத்தம் இறங்கி இறங்கி, பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்கும் என்று ஆனபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தொண்டையில் புற்று என்றார்கள். சிகரெட்டைக் கையால் தொடாத மனுஷன். போன தை மாதம் குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு துவாரம், அதன் வழியாகத்தான் மூச்சு. அதை மறைக்க ஒரு சின்ன வெள்ளைத் துணி கட்டியிருப்பார். சட்டைப் பையில் ஒரு குறிப்பு நோட்டும் பேனாவும்.

தொண்டையில் வைத்துப் பேசுகிற ஒரு கருவி கொடுத்தார்கள். வீட்டில் ஒரே ஒரு நாள் வைத்துப் பேசினார். தகரம் பேசுகிற மாதிரி வந்ததாம். ஷம்ஸியாவின் குழந்தை முஃபீதா வீறிட்டு அழுதது. கருவி அலமாரிக்குப் போனது, பிறகு வெளியே வரவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் அவர் குரலைப் பதிந்து வைத்திருக்கலாமே என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. முன்னால் இருந்தது அவர் குரலே இல்லை, வெறும் காற்று. வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புகிற பழக்கமும் அவருக்கு இருந்ததில்லை. "எதிர்ல ஆள் இல்லாம தனியாப் பேசுததுக்கு எனக்கென்ன கோட்டியா?" என்பார். ஆக, ஒரு ஊரையே எழுப்புகிற அந்தக் குரல் இந்த உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் மிச்சம் இருந்தது. லாத்தாவின் பழைய ஐபோனில், நான் போட்டுக் கொடுத்த பதிவுப் பெட்டியில், இருநூற்றுச் சொச்சம் சண்டைகளாக.

இது ஷம்ஸியா என் மனைவியிடம் சொன்னது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பத்தாம் நாள், அக்தர் பானு லாத்தா அடுப்படியில் மீனை அறுத்துக்கொண்டே அந்தப் போனை ஓட விட்டிருக்கிறார். "மேல இருக்குத டப்பா மாமிக்குன்னு எத்தனை தடவ சொல்லுதது? உனக்குக் காது என்ன அடைச்சுப் போச்சா?" என்று காக்காவின் குரல் வீடு முழுக்க அடித்திருக்கிறது. லாத்தா அருவாமனையை விட்டு எழுந்திருக்காமலே, "சொல்லவே இல்லை, பொய்" என்று போனுக்குப் பதில் சொன்னாராம். கூடத்தில் உட்கார்ந்திருந்த இவர் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தாராம், சத்தம் இல்லாமல். அன்று முதல் தினமும் அதுதான். ஒரு நாளைக்கு ஒரு சண்டை. குழந்தைக்கும் அந்தக் குரல் பழகி, போனைக் காட்டி "அப்பா, அப்பா" என்று சொல்லும். எங்கள் பக்கம் தாத்தாவை அப்பா என்போம்.

அந்தப் போன் லாத்தா கைக்கு வந்தே எட்டு வருடமாகிவிட்டது. பேட்டரி உப்பித் திரையைத் தூக்க ஆரம்பித்தது. லாத்தா மூன்று தடவை ஷம்ஸியா மூலமாக எனக்குச் சொல்லி அனுப்பினார், அந்தக் குரல்களையெல்லாம் எடுத்து வேறு எதிலாவது வைத்துக் கொடு என்று. அது நிஜமாகவே அவசரம். கம்பெனிக்காரன் தானாக எடுக்கிற நகலில் என் பதிவுப் பெட்டி சேராது, அது எனக்குத் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியும். பத்து நிமிட வேலை. மூன்று தடவையும், "நாளைக்குப் பாத்துரலாம்னு சொல்லு" என்று சொல்லி அனுப்பினேன். பெருநாள் நேரம், கடையில் கூட்டம். இதை எழுதும்போது என்னை நானே நாலு அறை அறைய வேண்டும் போல இருக்கிறது.

நான்காவது தடவை லாத்தா என்னை நம்பவில்லை. காக்காவின் கையிலேயே போனைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். காக்கா கடைக்கு வந்தார். கைக்குட்டையில் சுற்றிய போனைக் கண்ணாடி மேல் வைத்தார். முகத்தில் ஒரு திருப்தி. நான் பிரித்துப் பார்த்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை ஆப்பிள் வந்தது. போனது. மறுபடி வந்தது. போனது. இந்த நோயை நான் நூறு போனில் பார்த்திருக்கிறேன்.

"காக்கா, எப்பயிருந்து இப்படி இருக்கு?"

அவர் நோட்டை எடுத்து எழுதினார். 'சுத்தமாத் துடைச்சிட்டேன். இனி நீ பார்க்கலாம்.'

"எதைத் துடைச்சீஹ?"

'படம். வீட்டுப் பொம்பளையாள் படம்.'

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரு வீட்டுப் பெண்ணின் போன் அந்நிய ஆணின் கைக்கு அப்படியே வராது. உள்ளே முக்காடு இல்லாத படம் இருக்கும், பிள்ளைக்குப் பால் கொடுக்கிற படம் இருக்கும், தலை வாரிக்கொள்கிற படம் இருக்கும். அதையெல்லாம் எடுத்துவிட்டுத்தான் கடைக்கு அனுப்புவார்கள். ஏழு வருடம் ஒரே அறையில் படுத்த யஹ்யாவானாலும் நான் அந்நியன்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை, நானும் என் வீட்டுப் போனை அப்படித்தான் கொடுப்பேன். தம்மாமில் அறையில் எல்லோரும், போன் கடைக்குப் போகிறது என்றால் முதல் காரியமாக எல்லாவற்றையும் ஒரே அமுக்கில் அழித்துவிடுவார்கள். அப்படிக் கொண்டு வருகிறவனைத்தான் கண்ணியமான ஆள் என்று நாங்கள் சொல்வோம்.

காக்கா வருகிற வழியில் பள்ளிவாசலில் தொழுகைக்குக் கை கால் கழுவுகிற ஹவுளுத் தொட்டி ஓரமாக உட்கார்ந்து படங்களை ஒவ்வொன்றாக அழித்திருக்கிறார். நாற்பது ஐம்பது அழித்திருப்பார். மொத்தம் மூவாயிரத்துக்கு மேல் இருந்தது. விரல் வலித்திருக்கிறது. அப்புறம் தம்மாம் பழக்கத்தில், அமைப்புகளுக்குள் போய், கடைசியில் இருக்கிற 'எல்லாவற்றையும் அழி'யை அமுக்கிவிட்டார். பூட்டு உடைத்த போனில் அதைத் தொட்டால் போனே எழுந்திருக்காது. அதை அவரிடம் சொல்லியிருக்கிறேனா? சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். 2017இல், பெட்டி கட்டுகிற அவசரத்தில், பத்து விஷயத்தோடு பதினொன்றாகச் சொல்லியிருப்பேன்.

"காக்கா, உங்க குரல்? லாத்தா கேக்குத அந்தப் பேச்செல்லாம்?"

அவர் சிரித்தபடியே எழுதினார். 'அது உன் சந்தையில இருக்குல்ல? இறக்கிரு.'

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. "உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா? பெரிய மனுஷன் பண்ணுத வேலையா இது? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?" என்று கடை அதிரக் கத்தினேன். எதிர்க்கடை ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த மனுஷன் பதிலுக்குக் கத்த முடியாமல், எழுதவும் தோன்றாமல், பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். செருப்பை எடுத்து எறிந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவருக்கு இன்னும் என்ன நடந்தது என்று புரியவில்லை. புரியாதவரைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது. வெட்கமாகப் போயிற்று.

மனதுக்குள் எனக்கு விடை தெரியும். ஆனாலும் தெரிந்த விடையை வாயால் சொல்ல தைரியம் இல்லாததால் அவரைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனேன். ஜங்ஷன் பக்கம் சிவசண்முகம் என்று ஒருவர் இருக்கிறார். போனின் உள்பலகையில் முடி கனத்துக் கம்பியைப் பூதக்கண்ணாடி வைத்து ஒட்டுகிற ஆள். என்னால் முடியாதது அவரிடம் போகும். அவரால் முடியாதது குப்பைக்குப் போகும்.

பஸ்ஸில் காக்கா சன்னல் ஓரம். கைக்குட்டைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். குரும்பூரில் ஒரு அம்மா ஏறி எங்களுக்கு முன் சீட்டில் உட்கார்ந்தது. திரும்பி அவரைப் பார்த்து, "ஏ ஐயா, இது கருங்குளத்துல நிக்குமா?" என்று கேட்டது. அவர் தலையாட்டினார். அந்த அம்மா சரியாகப் பார்க்கவில்லை போல. மறுபடி கேட்டது. மறுபடி ஆட்டினார். "வாயத் தொறந்து சொன்னா முத்தா உதிர்ந்துரும்?" என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டது. நான், "நிக்கும்மா, நிக்கும்" என்று அவசரமாகச் சொன்னேன். இந்த ரோட்டில் எந்த மரத்தடியில் பஸ் நிற்கும் என்று மூன்று வருடம் கத்திக்கொண்டே போன மனுஷன் அவர். கழுத்துத் துணியைச் சரி செய்துகொண்டு வெளியே பார்த்தார். ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

சிவசண்முகம் போனை வாங்கிப் பார்த்தார். அரைமணி நேரம் கம்ப்யூட்டரில் என்னென்னவோ செய்தார். பிறகு காக்காவைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏன் பாய், உமக்கே தெரியுமே. தெரிஞ்சுக்கிட்டு எதுக்கு அந்த மனுசன இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்தீரு?"

"ஒரு வழியும் இல்லையா அண்ணாச்சி?"

"பலகை உடைஞ்சிருந்தா ஒட்டிருவேன் வே. தண்ணியில விழுந்திருந்தாலும் பாக்கலாம். இது அப்படி இல்லல்லா. உள்ள இருக்கதுக்கு ஒரு சாவி உண்டு. அழின்னு அமுக்குன உடனே மொத வேலையா அந்தச் சாவிய அது தின்னுரும். பொறவு அந்தக் கம்பெனிக்காரனே வந்து உக்காந்தாலும் திறக்க முடியாது. வேணும்னா போனை எழுப்பித் தாரேன். வெறும் போனா எழும்பும்."

பெஞ்சில் இருந்து காக்கா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பியதும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, ஆயிற்றா என்று புருவத்தால் கேட்டார். போன் எழும்பும் என்பதை மட்டும் சொன்னேன்.

ஊருக்கு வந்து அன்று சாயங்காலமே கடையில் உட்கார்ந்தேன். போன் புதிதாக எழுந்திருந்தது. பிஸ்மி சொல்லித் திற, தொழுகை நேரம், பெரிய எழுத்து, எதுவும் இல்லை. காக்கா முக்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, நோட்டில் 'சந்தை' என்று எழுதி அடிக்கோடு போட்டுக் காட்டினார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுபடி பூட்டை உடைத்தேன். இப்போது சந்தைக்குப் பெயரும் படமும் வேறு. பழைய முகவரியைக் கொடுத்ததும், அதை எழுதி வைத்தவர் இன்னும் கடையை மூடவில்லை போலிருக்கிறது, அந்தப் பதிவுப் பெட்டி அப்படியே வந்தது. போன் கண்ணை மூடித் திறந்தது. திரையில் அதன் படத்தைப் பார்த்ததும் காக்கா என் தொடையில் பட்டென்று அடித்தார். அவ்வளவு சந்தோஷம்.

நான் அதைத் திறந்தேன். வெள்ளைத் திரை. பதிவுகள் எதுவும் இல்லை என்று ஒரு வரி.

அவர் கீழே தள்ளிப் பார்த்தார். மேலே தள்ளிப் பார்த்தார். மூடித் திறந்தார். என்னைப் பார்த்தார்.

"காக்கா, கடையில வாங்குன சட்டி திரும்பக் கிடைக்கும். அதுல லாத்தா ஆக்குன சோறு கடையில கிடைக்குமா?" என்றேன். இதைவிட நல்லவிதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "அன்னைக்கு நான் சொன்னது தப்பு. என் தப்பு. சந்தையில சட்டி மட்டும்தான் இருக்கு."

அவருக்கு அப்போதுதான் புரிந்தது. நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். கழுத்துத் துணி மட்டும் உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. மனுஷன் அழுதால் அழுகிற சத்தமாவது வரும் என்றுதானே நாம் இருக்கிறோம். அவருக்கு அதுவும் வரவில்லை. நான் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன், யாரும் பார்க்க வேண்டாம் என்று.

வீட்டுக்குப் போகிற வழியில் என்ன சொல்வது என்று நான் யோசித்து வைத்திருந்தேன். பேட்டரி வெடிக்கிற நிலையில் இருந்தது, நான் கழற்றும்போதே போய்விட்டது, என் கை தவறியது. பழி என் மேலேயே இருக்கட்டும். மூன்று தடவை 'நாளைக்கு' என்றவன் நான்தானே. அது ஒன்றும் முழுப் பொய்யும் இல்லை.

அக்தர் பானு லாத்தா வழக்கம் போல அறைக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் என்னிடம் பேசினார். "எடுத்துட்டியா தம்பி? எல்லாம் வந்துட்டா?"

"லாத்தா, அந்தப் பேட்டரி இருக்கில்லா…" என்று நான் ஆரம்பித்தேன். காக்கா என் வாய் மேல் கையை வைத்து அழுத்தினார். கதவுக்கு உள்ளே போய் லாத்தாவுக்கு முன்னால் நின்றார். கதவு பாதி திறந்திருந்ததால் அவர் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. வலது கையால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பிறகு உள்ளங்கையில் எதையோ துடைக்கிற மாதிரி செய்தார்.

"நீங்களா?" என்றார் லாத்தா. "எல்லாத்தையுமா?" அவர் தலை அசைந்தது. "படத்துக்காகவா?" மறுபடி அசைந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். டப்பாவை மாற்றிச் சொன்னதற்கும் பச்சைத் துணிக்கும் முப்பது வருடம் விடாமல் ஏசின பெண். இதற்கு வீடு தாங்காது என்று நினைத்தேன். ஏசட்டும் என்றும் நினைத்தேன், அவருக்கும் அது கேட்டால் நல்லது, எனக்கும் நல்லது.

"தம்பி யஹ்யா" என்று லாத்தாவின் குரல் எனக்குத்தான் வந்தது. "இவுஹள நான் ஏசுனா, பதிலுக்கு இவுஹ என்னைய ரெண்டு மடங்கு ஏசுவாஹ. அதுனாலதான் நான் ஏசுததே. இப்ப நான் மட்டும் நின்னு ஏசுனா அது ஏச்சா தம்பி? கையக் கட்டிப்போட்டு அடிக்கது மாதிரில்லா இருக்கும்?"

அப்புறம் செருப்புச் சத்தம் அடுப்படிப் பக்கம் போயிற்று. காக்கா நின்ற இடத்திலேயே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து விரல் முட்டியால் கதவு நிலையை இரண்டு தட்டுத் தட்டினார். பதில் இல்லை என்றதும் இன்னும் பலமாகத் தட்டினார். ஒரு வார்த்தை ஏசு என்று அவர் கெஞ்சுகிறார் என்பது எனக்கே புரிந்தது, லாத்தாவுக்குப் புரியாமல் இருக்காது. அடுப்படியில் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அவர் தட்டிக்கொண்டே இருந்தார்.